பால் பொங்கிய திசை

காலை ஐந்தேகாலுக்குப் பால் வரத் தொடங்கும்,
முத்தையன்கட்டு இடதுகரையில் இருந்து.
பால்மானியை விட்டு வாசிக்கிறேன்:
இருபத்தெட்டு. இருபத்தொன்பது. இருபத்திரண்டு.
அந்த இருபத்திரண்டுக்காரர்தான்
வெறும் கானைத் தூக்கும்போது கேட்பார்,
"பிள்ளை, இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?"

துண்டில் எழுதிக் கொடுக்கிறேன்:
நாலு லீற்றர். தரம் குறைவு.

முப்பத்துநாலு வயது.
வீட்டுத்திட்டம் வந்த நேரம்
தனி ஆளுக்குப் புள்ளி காணாது என்றார்கள்.
"ஒரு கலியாணத்தைக் கட்டிப்போட்டு வாங்கோவன்" என்றான்
மேசைக்கு அங்கால் இருந்த பெடியன்.
கச்சான், வங்கிக் கடன்,
காதில் கிடந்ததும் போய்
ஒன்பதாம் வருடம் கூரை ஏறியது.

"ஆருக்கு இந்த வீடு?"
சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள்.
சீதன வீடென்றே நினைத்திருந்தான் மேசன் அருளப்பு.
"மாப்பிள்ளை பகுதி எப்ப வந்து பாப்பினம்?"
குசினி நிலத்தைக் கொஞ்சம் சரிவாய்ப் போடு,
கழுவிற தண்ணி வெளியே போகட்டும் என்றேன்.

குடிபூரலுக்கு ஐயர் தம்பதி கேட்டார்.
தம்பி இன்பராசாவும் ஜெயவதனியும்
என் பலகையில் இருந்தார்கள்.
தர்ப்பை அவன் விரலில் நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தது.
சங்கற்பத்தில் அவன் பெயர், அவன் நட்சத்திரம்.
சீமெந்துக்கடைக் கொப்பியில் என் பெயர்.

நான் வெளியே கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பக்கத்தில் அக்கா.
அவளையும் உள்ளே கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்தெட்டு ஐப்பசி, விடாத மழை,
அக்காவுக்குப் பத்தொன்பது.
வீட்டுக்கு ஒராள் கேட்டு வருபவர்கள்
கழுத்தைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள் என்று
அப்பா நம்பினார்.
தறப்பாளுக்குக் கீழே, மஞ்சள் கயிற்றில்,
முதல்நாள்தான் பெயர் தெரிந்த ஒருவன்.
எனக்கு ஆள் கிடைக்கவில்லை.
உரப்பைகளுக்குப் பின்னால் இருந்தேன், நாற்பத்தொரு நாள்.

ஏழு மாதம் சேர்ந்திருந்தார்கள்.
வட்டுவாகல் பாலத்தால் வந்தபோது
அவளிடம் அவனுடைய சாரம் ஒன்று மட்டும் இருந்தது.
பொட்டு வைக்கிறாள் இன்னும்.
வேண்டாமென்றவர்களுக்கு
"பிரேதத்தைக் காட்டுங்கோ" என்றாள், ஒரேயொரு தரம்.

ஆனால் அவள்தான்
எல்லாரிலும் கூட என்னைக் கேட்பவள்.
தரகர் வைத்திலிங்கத்தார் எடுப்பது அவளுடைய போனுக்கு.
செவ்வாய் இல்லாதவர், மனைவி இறந்தவர்,
கனடாவில் கேஸ் தள்ளுபட்டுத் திரும்பினவர்,
எல்லாக் குறிப்பும் அவள் கைப்பையில்.
அன்றைக்கும், கன்றின் முதுகைத் தடவியபடி,
"கழுத்தில ஒண்டு கிடந்தா ஒருத்தரும் கதையாயினம்."
அப்பாவும் இதைத்தானே சொன்னவர், அக்கா.
வாய்வரைக்கும் வந்தது.
கன்று இழுத்தது, போனேன்.

உள்ளே பால் பொங்கியது.
பார்த்ததும் தெரிந்தது:
இருபத்துமூன்று, மிஞ்சினால் இருபத்துநாலு.
வடக்குப் பக்கமாய் வழிந்தது.
"வடக்கு! இந்த வருசத்துக்குள்ள பார்" என்று
சின்னம்மா கையைத் தட்டினா.
வடக்கேதான் அருளப்பு சரிவு விட்டிருந்தான்.

எல்லாரும் போனபிறகும் அக்கா போகவில்லை.
அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.
"இரவில தனிய, பயமில்லையோ?"
"பயம்தான். யானை வரும்."
சிரிக்கவில்லை.
விளக்கை நூர்த்த பிறகு, இருட்டுக்குள் சிரித்தாள்.
முன்னறையில் பாய் போட்டு
கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள்,
அத்தனை மாப்பிள்ளைமாரும் உள்ளே இருக்க.

நாலரைக்கு எழும்பித்
தேத்தண்ணி வைக்கப் போனேன்.
அடுப்புக்குக் கீழே, சரிவுப் பக்கம்,
உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்று
செருகியிருந்தது.
கேத்தில் ஆடாமல் நின்றது.